பேசும் பொறிக்குப் பெயரிடுதல்

பெயரில்லாப் பொருளை மனிதன் நெடுநாள் தன்னுடன் வைத்துக்கொள்வதில்லை. குழந்தைக்கும் கன்றுக்கும் பெயரிடுகின்றோம். ஆற்றுக்கும் தெருவுக்கும் பெயரிடுகின்றோம். கடலிற் செல்லும் படகின் முகப்பிலும் ஒரு பெயரை எழுதியே அனுப்புகின்றோம். ஆதாம் செய்த முதற் செயல்களுள் ஒன்றாக ஆதியாகமம் கூறுவதும், தன்முன் கொண்டுவரப்பட்ட உயிர்கட்கெல்லாம் அவன் பெயரிட்டமையேயாம். பெயரிடுதல் எளிய செயல்போலத் தோன்றும். எனினும், பெயரிடுவோன் அப்பொருளை எங்ஙனம் மதிக்கின்றான், அதனோடு எத்தகைய உறவு பூணக் கருதுகின்றான் என்பவற்றை அச்செயலே வெளிப்படுத்திவிடுகின்றது.

இக்காலத்தே பெயர் வேண்டி நிற்பது புதியதொரு பொருள். நாம் வாயாற் கேட்பதைச் செவியேற்று, வாய்ச்சொல்லாலேயே விடை பகரும் கணினிப் பொறியே அது. மெய்நிகர் உதவியாளர் என்று அதனை வழங்குவர். கைப்பேசியினுள்ளும், மேசைமேல் வைக்கும் சிறிய ஒலிபெருக்கியினுள்ளும், வங்கியின் முகப்பிலும், இருப்புப்பாதைப் பயணச்சீட்டுத் தளத்திலும் அஃது இடம்பெற்றுவிட்டது. அதற்குத் தமிழர் எத்தகைய பெயரிடுதல் தகும் என்பதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இது பொழுதுபோக்கு வினாவன்றோ எனச் சிலர் கருதக்கூடும். அன்று என்பதற்கு வடசென்னையின் ஒரு சிற்றூரே சான்றாகும். மணலியை அடுத்த சடையங்குப்பம் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. பூண்டி ஏரி திறக்கப்படின் கொசத்தலையாற்று வெள்ளம் அப்பக்கமாகவே எண்ணூர்க் கடலை நாடும். புழல் ஏரி திறக்கப்படின் அதன் உபரிநீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி ஆகிய ஊர்களைக் கடந்து சடையங்குப்பத்தையே அடையும். ஆகலின் இவ்வேரிகள் திறக்கப்படுங்கால் அரசினர் விடுக்கும் எச்சரிக்கைகளில் இவ்வூரின் பெயர் காணப்படுவது வழக்கம். 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும், 2023 டிசம்பர் மாதத்துப் புயல்மழையையும், அப்புயலோடு எண்ணூர்க் கழிமுகத்திற் பரவிய எண்ணெயையும் வடசென்னை மறந்திலது.

எச்சரிக்கை எழுத்தில் வருகின்றது. எழுத்தறியாத முதியோளுக்கு அதனாற் பயனென்னை? எழுத்தறிந்தோரும் நள்ளிருளில், நனைந்த கையொடு, குழந்தையை இடுப்பிற் சுமந்து நிற்குங்கால் சிற்றெழுத்தைப் படிக்கமாட்டுவரோ? “மதகு திறந்தார்களா? இங்கு நீர் எப்பொழுது வரும்? எந்தப் பள்ளியில் தங்கலாம்?” என்று வாயாற் கேட்டறிதற்கு அவ்வூரார்க்கென ஒரு பொறி அமைக்கப்படுமாயின், அஃது உயிர்காக்கும் துணையாதல் கூடும். அத்தகைய பொறியை உறக்கத்தினின்று எழுப்பும் திறவுகோல் அதன் பெயரே. பெயர் வாயில் வாராதெனின் பொறி விழியாது. பொறி விழியாதெனின் விடையும் இல்லை. பெயராராய்ச்சி பொழுதுபோக்கன்று என்றது இதுபற்றியே.

இதுகாறும் உலகத்தார் இட்ட பெயர்களை முதற்கண் நோக்குவாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர், 1966-ஆம் ஆண்டில், எழுத்தால் உரையாடும் கணினி நிரல் ஒன்றை வெளிப்படுத்தினார். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்திற் பேச்சுப் பயின்று உயர்குல மாதுபோல் விளங்கும் எலைசா என்பவளின் பெயரை அதற்கு இட்டார். அந்நிரல் கேட்டதையே திருப்பிக் கேட்கும் எளிய சூழ்ச்சியன்றி வேறில்லை. அங்ஙனமாகவும், மக்கள் அதனிடம் தம் உள்ளக் கவலைகளைக் கொட்டத் தொடங்கினர். அதுகண்டு அதனைப் படைத்தவரே அஞ்சினார். மக்களின் பெயரைச் சூட்டியவுடன் பொறியினிடத்து மக்கட்டன்மையைக் காணும் இயல்பு நம்மனோர்க்கு உண்டென்பது இதனாற் புலனாம்.

2011-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் தம் கைப்பேசியிற் புகுத்திய உதவியாளரின் பெயர் சிரி. அதனைப் படைத்தோருள் ஒருவர் நார்வே நாட்டு வழியினர். வெற்றிக்கு வழிகாட்டும் அழகி என அந்நாட்டு வழக்கில் அப்பெயர்க்குப் பொருள் கூறினார். கன்னடர்க்கோ அது செல்வம் எனப் பொருள்படும். தமிழர் செவிக்கு நகைக்குமாறு ஏவும் ஏவல்வினையாகவே அது விழும். இல்லம் நீரில் மூழ்குங்கால் ‘சிரி’ என்று கூவி அழைத்தல் எத்துணைப் பொருந்தாமை! ஒரு நாட்டில் நற்பெயராயது மற்றொரு நாட்டில் நகைப்பெயராகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

2014-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனத்தார் தம் பொறிக்கு அலெக்ஸா எனப் பெயரிட்டனர். பண்டை எகிப்தின் அலெக்ஸாந்திரியா நூலகத்தை நினைவூட்டுதலும், ‘க்ஸ’ என்னும் வன்மையான ஒலியாற் பொறி அதனைப் பிறழாது உணர்தலும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அவ்வாண்டே மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் விளையாட்டொன்றினின்று எடுத்த கார்ட்டானா என்னும் பெயர், அவ்வுதவியாளருடன் 2023-ஆம் ஆண்டில் வழக்கொழிந்தது.

நம் நாட்டிலும் இவ்வழக்கு விரைவிற் பரவிற்று. 1904-ஆம் ஆண்டிற் கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கி, 2016 நவம்பரில், சென்னையில் வாடிக்கையாளரோடு உரையாடும் இயந்திரப் பாவையொன்றை நிறுவி, லட்சுமி எனப் பெயரிட்டது. எச்.டி.எப்.சி. வங்கியின் ஈவா 2017-இல் வந்தது. இருப்புப்பாதைப் பயணச்சீட்டுத் தளத்தில் 2018-இல் திஷா தோன்றிற்று. விண்வெளிக்கு அனுப்பவென இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2020 ஜனவரியில் அறிமுகப்படுத்திய பெண்பாவைக்கு வியோமமித்ரா, அஃதாவது வானின் தோழி, என்பது பெயர். இவற்றுட் சில ஆங்கிலத் தொடர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்தவை. எனினும் அவ்வெழுத்துக்கள் பெண்பெயராய் வந்து முடிந்தமை தற்செயல் என்று கூறுதற்கியலாது.

இனி, தமிழ்ப் பெயரொன்று தேடுவோர் கொள்ளத்தக்க அளவைகள் யாவை? மூன்று அளவைகளை ஈண்டு எடுத்துரைப்பாம்.

முதலாவது, செவியளவை. இப்பொறியினுள் ஒரு சிறு நிரல் இடையறாது ஒலியைக் கவனித்துக்கொண்டிருக்கும். பேச்சை நுண்ணிய காலத்துணுக்குகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் ஒலியமைதியையும் தான் முன்னர்ப் பயின்ற பெயரின் ஒலியமைதியோடு ஒப்பிடும். இரண்டும் ஒத்தவிடத்தே பொறி விழித்துப் பின்வரும் வினாவைக் கேட்கும். இதன்கண் நேரும் பிழை இருவகைத்து: அழையாதபோது விழித்தல், அழைத்தபோது விழியாமை. முன்னது, வீட்டார் தமக்குள் பேசும் பேச்சைப் பிறர் கேட்குமாறு செய்யும். பின்னது, வேண்டியவிடத்துக் கைவிடும். பெயர் மிகக் குறுகியதாயின் பிற சொற்களோடு மயங்கும். மிக நீண்டதாயின் பதற்றத்தில் வாயினின்று வாராது. மூன்று அல்லது நான்கு அசைகளையுடையதாய், அன்றாடப் பேச்சில் அடிக்கடி வாராததாய் இருத்தல் நன்று.

தமிழிலோ இவ்விடத்துப் பிறிதொரு நுட்பமும் உளது. ஆங்கிலத்தில் ஒருவனைக் குறிக்கும் பெயரும் அவனை அழைக்கும் பெயரும் வேறுபடுவதில்லை. நம் மொழியில் அழைத்தலுக்கென எட்டாவதாக ஒரு வேற்றுமையே உண்டு. தொல்காப்பியர் அதற்கு விளிமரபு என ஓர் இயலையே வகுத்தனர். முருகன் என்னும் பெயர் முருகா என்றும், நம்பி என்பது நம்பீ என்றும், அன்னை என்பது அன்னாய் என்றும் விளியில் வேறுபடும். அருகிலிருப்போனை அழைக்கும்போது பெயர் இயல்பாய் நிற்றலும், சேய்மையிலிருப்போனை அழைக்கும்போது ஓசை நீளுதலும் உண்டென்பதையும் அவர் குறித்துள்ளார். அடுக்களையினின்று கூவும் ஒருத்தியும், பொறியின் அருகமர்ந்து மெல்லக் கூறும் ஒருவனும் ஒரே பெயரை ஒரேவகையாகச் சொல்லமாட்டார் என்பது இதன் கருத்தாம். பேசும் பொறியின் பெயர் முதன்மையாக ஒரு விளியே. ஆகவே தமிழ்ப் பொறிக்குப் பெயர் தெரிவோர் எழுவாய் வடிவத்தை மட்டும் நோக்கி அமையாது, அது நீண்டும் குறுகியும் திரிந்தும் வரும் வடிவங்கள் யாவற்றையும் பொறிக்குப் பயிற்றல் வேண்டும்.

எழுத்து மயக்கமும் எண்ணத்தக்கது. சென்னையில் ழகரத்தை ளகரமாக ஒலித்தல் பெருவழக்கு. ளகரமும் லகரமும் பலர் வாயில் ஒன்றாகும். இவ்வெழுத்துக்களின் வேறுபாட்டையே உயிராகக் கொண்ட பெயர் அறிஞர் அவையிற் செல்லும். சடையங்குப்பத்துத் தெருவிற் செல்லாது. அம்மக்களின் ஒலிப்பைக் குறைகூறுதலாற் பயனில்லை. பெயர் மக்களுக்காகவேயன்றி, மக்கள் பெயருக்காக அல்லர்.

இரண்டாவது, திணையளவை. ஆங்கிலேயன் தன் பொறி பேசிற்றென்பதை வினைச்சொல்லிற் பால்திணை தோன்றாமற் கூறிவிடலாம். தமிழன் அங்ஙனம் கூறவியலாது. ‘சொன்னாள்’ என்பானோ, ‘சொன்னார்’ என்பானோ, ‘சொன்னது’ என்பானோ, ஏதேனும் ஒன்றை அவன் தெரிந்துகொள்ளல் வேண்டும். அவன் வாய் திறந்த அக்கணமே அப்பொறி உயர்திணையோ அஃறிணையோ என்னும் வழக்கிற்கு அவனே தீர்ப்பளித்தவனாகின்றான். ‘உதவியாளர்’ என்னும் சொல்லே ரகர ஈறு பெற்று அப்பொறியை மக்களோடு எண்ணிவிட்டமை காண்க.

பெயரளவில் இரு திணைக்கும் இடம்தருதலை நம் இலக்கணம் முன்னரே கண்டுள்ளது. சாத்தன் என்னும் பெயர் மகனுக்கும் உண்டு, எருதுக்கும் உண்டு. ‘சாத்தன் வந்தான்’ என்றால் மகன்; ‘சாத்தன் வந்தது’ என்றால் எருது. இத்தகைய பெயரை விரவுப்பெயர் என்றனர் முன்னோர். எருதுக்கு மகன்பெயர் இட்டு அன்பு காட்டிய உழவன், அதன் வினைமுடிபை மாற்றி அதனை மகனெனக் கூறத் துணிந்திலன். அன்பு வேறு, மயக்கம் வேறு என்பதை அவன் அறிந்திருந்தான். எழுத்தாளர் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’ என்னும் புதினத்திற் படைத்த ஜீனோவும் ஈண்டு நினைக்கத்தக்கது. அஃது நாயுருவம் பூண்ட இயந்திரம். மனிதரைப் போல நடித்து வந்ததன்று. ஆயினும் தமிழ்நாட்டார் அதன்மீது வைத்த அன்பிற்குக் குறைவில்லை.

பெண்பெயரிடும் வழக்கத்தின் தீங்கும் இவ்வளவையிலேயே அடங்கும். ஏவியதைத் தட்டாது செய்தலும், ஏசினாலும் இன்சொல் கூறலும் இப்பொறிகளின் இயல்பு. அவ்வியல்பிற்குப் பெண்குரலையும் பெண்பெயரையும் பொருத்தினால், ஏவல் கேட்டல் பெண்ணின் இயற்கை என்னும் பழம்பிழையைச் சிறுவர் உள்ளத்தில் மீண்டும் ஊன்றியவராவோம். ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இதனையே எடுத்துக்காட்டிற்று. இழிசொல்லால் ஏசப்பட்ட பொறியொன்று நாணத்தைக் குறித்து மென்மொழியாக இறுத்த விடையையே அவ்வறிக்கை தலைப்பாகக் கொண்டது. அப்பெயரை ஏற்கெனவே தாங்கிய மக்கள்படும் துன்பமும் சிறிதன்று. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டில் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட பெண்குழந்தைகட்கு அலெக்ஸா எனப் பெயரிடப்பட்டது; 2020-ஆம் ஆண்டளவில் அத்தொகை அதன் நான்கிலொரு பங்கிற்கும் குறைந்துவிட்டது. பள்ளியில் அப்பெயருடைய சிறுமியரைப் பொறியை ஏவுவதுபோல் ஏவி எள்ளினர் என்று பெற்றோர் பலர் முறையிட்டனர். லட்சுமி என்னும் பெயருடையோர் வடசென்னையின் எத்தெருவிலும் உளர். அவருள் ஒருத்தி தன் பெயரை ஓர் ஏவற்சொல்லாகக் கேட்க நேர்தல் முறையாகுமோ?

மூன்றாவது, வாக்களவை. பெயர் ஒரு வாக்குறுதி. தோழன் என்று பெயரிடின், தோழமையை எதிர்பார்ப்பர். தாய் என்று பெயரிடின், தாயன்பை எதிர்பார்ப்பர். பொறியோ தன்னை அமைத்த நிறுவனத்தின் கட்டளைப்படி இயங்குவது. கூறும் விடை தவறாயின் பொறியை நோவதாற் பயனென்னை? எய்தவனிருக்க அம்பை நோவதேன் என்பது நம் பழமொழி. இனிய பெயரொன்று எய்தவனை மறைக்கும் திரையாதல் கூடாது. ஆகலின் பொறியின் பெயர் அதன் தொழிலுக்கு மிஞ்சியதை உறுதிகூறாது நிற்றல் வேண்டும். அதனை நடத்துவோர் யாவர் என்பதும் கேட்டவுடன் பொறியின் வாயாலேயே வெளிப்படல் வேண்டும்.

இவ்வளவைகள் நாம் புதிதாகப் புனைந்தவையல்ல. புயல்கட்குப் பெயரிடுவோர் இவற்றைப் போன்ற விதிகளைக் கைக்கொண்டுள்ளனர். வங்கக்கடல், அரபிக்கடல் புயல்களுக்கென 13 நாடுகள் அளித்த 169 பெயர்களை இந்திய வானிலைத் துறை 2020 ஏப்ரலில் வெளியிட்டது. பெயர் அரசியல், சமயம், பால் ஆகியவற்றிற்குப் பொதுவாய் இருத்தல் வேண்டும். எவர் உள்ளத்தையும் புண்படுத்தலாகாது. ஆங்கிலத்தில் எட்டெழுத்திற்கு மேற்படாது எளிதில் ஒலிக்கத்தக்கதாதல் வேண்டும் என்பன அவ்விதிகளுட் சில. இத்துணை எச்சரிக்கையிருந்தும் 2023 டிசம்பரில் வந்த புயலின் பெயர் இடர்ப்பாடாயிற்று. மியன்மார் நாடு அளித்த அப்பெயரை ஆங்கில எழுத்தைக் கண்டோர் மிச்சாங் என்றனர்; ஒலிப்பை அறிந்தோர் மிக்ஜாம் என்றனர். புயலுக்கு அதனாற் கேடில்லை. அழைத்தாலும் அழையாவிடினும் அது வரும். பொறியோ அழைத்தாலன்றி வாராது. ஆதலின் புயற்பெயரினும் பொறிப்பெயர்க்கு எச்சரிக்கை மிகுதியும் வேண்டற்பாலது.

இனிச் சடையங்குப்பத்து வெள்ளப்பொறிக்குச் சில பெயர்களை நிறுத்துப் பார்ப்பாம். முரசு என்பது முதற்கண் உள்ளத்தில் தோன்றும். செய்தியறிவித்தல் முரசின் தொழில், அஃறிணைப் பெயர், ஒலியும் தெளிவுடைத்து. ஆயின் மேற்கூறிய புயற்பட்டியலுக்கு இந்தியா அளித்த பெயர்களுள் முரசும் ஒன்று. முரசு என்னும் புயல் வருங்கால் முரசு என்னும் பொறியிடம் முரசைப்பற்றிக் கேட்பதெங்ஙனம்? கிளி என்பது அடுத்தது. நம் புலவர் கிளியைத் தூதாக விடுத்தனர்; சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்னும் வழக்கும் பொறியின் இயல்பை ஒளியாது காட்டும். ஆயினும் ளகரம் மயங்கியவழிக் கிளி கிலியாகும். அச்சத்தைப் போக்க வந்த பொறியை அச்சமென்றே அழைத்தல் நேரும். தோணி என்பது ஊர்க்கு ஏற்ற பெயரேயாம். வெள்ளத்தின்போது மெய்த்தோணியை வேண்டி மக்கள் கூவுவர். பொறி தன்னையே அழைத்ததாக விழித்துக்கொள்ளும். ஆகவே அதுவும் கழிந்தது.

கலங்கரை என்னும் பெயர் இவற்றினும் ஏற்புடைத்தாகத் தோன்றுகின்றது. கலங்கரை விளக்கம் என்னும் தொடர் சிலப்பதிகாரத்திலேயே வந்துள்ளது. கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். காக்கை கரைந்தது என்னும் வழக்கில் இன்றும் அப்பொருள் நிலவுகின்றது. ஆகவே, மரக்கலத்தை அழைக்கும் விளக்கு என்பதே அத்தொடரின் கருத்து. துறைமுகத்தை அடுத்து வாழும் மக்களுக்குப் புதிய சொல்லன்று. வீட்டுப்பேச்சில் அடிக்கடி வருவதுமன்று. நான்கசையுடையது. லகரத்தை எங்ஙனம் ஒலிப்பினும் வேறு சொல்லோடு மயங்காது. எப்பெண்ணின் பெயரையும் பறியாது, எச்சமயத்தார்க்கும் பொது. விளியில் ‘கலங்கரையே’ எனவும், சேய்மையில் இன்னும் நீண்டும் வரும். வழிகாட்டுவது என்னும் அளவிற்கு உறுதிகூறுமேயன்றி, உறவு கொண்டாடாது. ‘கலங்கரை சொன்னது’ என்னும்போது நாவிற்கும் இடர்ப்பாடில்லை. இரட்டித்த வல்லொற்றின் வன்மை இதற்கு இல்லாமையால், மழையின் இரைச்சலில் பொறி இதனைத் தெளிவாக உணருமோ என்பது மட்டும் சோதித்தறியத்தக்கது.

நாம் இப்பெயரையே கொள்க என்று வற்புறுத்துகின்றோமில்லை. பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதனைக் கூவி அழைக்கப் போகின்றவர்க்கே உரியது. பத்துப் பெயர்களைச் சடையங்குப்பத்திற்கு எடுத்துச் சென்று, பல்லிழந்த முதியோரையும், மழலை மாறாச் சிறுவரையும், கடலிரைச்சலில் உரக்கப் பேசிப் பழகிய மீனவரையும், மொழி வேறுபட்ட தொழிலாளரையும் சொல்லச் செய்து, எப்பெயர் எல்லார் வாயிலும் பிறழாது வருகின்றது என்று காண்பதே நேரிய முறை. பெருநிறுவனங்களின் மாளிகையில் தீர்மானித்த பெயர் அங்குள்ளோர் நாவிற்கே ஏற்கும்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதன்கண் ஒரு கடமையும் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் கூகுள் நிறுவனத்தின் ஜெமினி செயலி தமிழுள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளில் வந்தது. பொறிகள் தமிழ் பேசத் தொடங்கிவிட்டன. ஆயினும் அவற்றை அழைக்கும் பெயர்கள் பிறர் இட்டனவாகவே உள்ளன. விளிமரபும் திணைப்பாகுபாடும் தேர்வுக்காக மட்டும் உருப்போடற்குரியன அல்ல என்பதை இப்புதுப் பொறிகள் நமக்கு உணர்த்துகின்றன. இலக்கணம் கற்றாரும் கணினி கற்றாரும் ஒருங்கமர்ந்து, எளிய மக்களின் ஒலியைச் செவிகொடுத்துக் கேட்டு, நம் பொறிகட்குப் பெயரிடுவார்களாக. பொறியைப் பொறியென்றும் மாந்தரை மாந்தரென்றும் நாம் அழைக்குமிடத்தே, இரண்டிற்கும் உரிய மதிப்பு நிலைபெறும்.